ஏழு டிக்

மாலை நாலேகாலுக்குச் செய்தி வந்தபோது, கட்டைக்காரர் ஒரு காரின் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காதைச் சாய்த்து 'டிக்' சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பட்டறைக்கு வரும் எந்த வண்டிக்கும் அதுதான் முதல் வைத்தியம். அடுத்தது சக்கரத்தின் அடியில் மரக்கட்டை. சமதரையிலும் கட்டை. பட்டப்பெயர் அப்படி ஒட்டியதுதான்.

"அதான் ஹேண்ட்பிரேக் இருக்கே?" என்பவர்களுக்கு ஒரே பதில். "இருக்கு. பாக்க நல்லா இருக்கு."

கோபமெல்லாம் வடிவமைத்தவர்கள் மேல். ஓடிவந்த வண்டியின் பிரேக் தட்டு சூட்டில் உப்பியிருக்கும். அப்போது இழுத்தால் இறுகப் பிடிக்கும். ஆறிச் சுருங்கியதும் பிடி தளரும். சரிவில் நிறுத்திய வண்டி, அரைமணி கழித்துத் தானாக உலாவக் கிளம்பும். "இரும்பு ஆறினா சுருங்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல போல. காபி கப் வைக்க மட்டும் நாலு எடம் யோசிச்சிருக்காங்க."

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்த அண்ணன் போன மாதம்தான் இறங்கிவந்தார். "சரிடா, எனக்கும் ஒரு கட்டை அறுத்துக் குடு. உன் தொல்ல தாங்கல."

அன்று கிளம்பியது அந்த அண்ணனின் கார். வீட்டு வாசல் சரிவு. சரிவின் அடியில் அண்ணன் குனிந்து கேட் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாலேகாலுக்கு வந்தது அவர் சாவுச் செய்தி.

மூன்றாம் நாள் கார் கம்பெனி ஆள் வந்தார், அளவான துக்கத்தோடு. கார் கதவைத் திறக்காமலே கண்டுபிடித்துவிட்டார். "சார் பிரேக் போட மறந்திருப்பாருங்க. போட்டிருந்தாலும், ஆறினப்புறம் இன்னொரு தடவ இழுக்கணும். புக்குல நூத்திப்பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு."

"அப்ப தளரும்னு தெரியும்" என்றார் கட்டைக்காரர். "ஒரு ஸ்பிரிங் போடறதுக்குப் பதிலா புக்குல ஒரு வரி போட்டுட்டீங்க. செலவு கம்மிதான்."

ஆள் போனபின் அண்ணி கேட்டார். "தம்பி, நெஜமாவே மறந்துட்டாரா? அவ்ளோ அஜாக்கிரதையா போயிட்டாரா?" மூன்று நாளாக அவரை அரித்தது அதுதான்.

கட்டைக்காரர் அண்ணியைக் காருக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார். பிரேக் கைப்பிடி நெட்டுக்குத்தாக நின்றது.

"அஞ்சு டிக் போதும் அண்ணி. கைப்பிடி நிக்கிற உயரத்தப் பாருங்க, அண்ணன் ஏழு இழுத்திருக்காரு. அவர் மறக்கல."

அண்ணி அந்தக் கைப்பிடியின் மேல் கையை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

பட்டறை மேசையில், அண்ணன் வாசலுக்கென்று அளந்த கட்டை இருக்கிறது. பென்சில் கோடு போட்டாயிற்று. ரம்பம் பாதிவரை இறங்கி நிற்கிறது.