கல்யாணத்துக்குப் போட்ட ஆப்பிரிக்கப் பாட்டு

ஆட்ட வகுப்பில் பாட்டுப் போடும் வேலைக்கு ஒரு விரல் போதும். பயப்படத்தான் முழு உடம்பும் வேண்டும். பெற்ற மகளிடமே வேலைக்குச் சேர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் மேற்கொண்டு சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள். என் மகள் மீனா இங்கே பர்மாவில், லத்தா பேட்டையில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் பெண்களுக்கு உடம்பு இளைக்க ஆட்டம் சொல்லித் தருகிறாள். "பசுந்தாங் பேட்டை வீட்டுல தனியா உக்காந்து கவலைப்படுறதுக்கு, இங்க வந்து கவலைப்படுங்கம்மா" என்று என்னைக் கூட்டிவந்து ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

பிள்ளையார் சுழி

சாமியைக் கும்பிடாமல் எதையும் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. மீனா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, மெல்லிய சத்தத்தில் ஒரு பிள்ளையார் பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், முன்வரிசைப் பர்மாப் பெண்களெல்லாம் கையைத் தூக்கி இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! சாமி கோபித்துக்கொள்ளுமோ, மகள் கோபித்துக்கொள்வாளோ என்று பாட்டைச் சட்டென்று நிறுத்தினேன்.

அங்கே எல்லோருக்கும் நான் 'அமே', அதாவது அம்மா. மா கின் என்கிற பெண் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஏன் நிறுத்திட்டீங்க, அமே? இப்பத்தான் முட்டி நல்லா மடங்குச்சு."

தொப்பியும் காலும்

மீனா போடச் சொல்வதெல்லாம் இப்போது ஆப்பிரிக்கப் பாட்டு. சொல் புரியாத பாட்டென்றாலே எனக்குக் கலக்கம். அதிலும் சில பாட்டுகளுக்குள் ஒரு மேளம் வரும் பாருங்கள், நம் அம்மன் கோயில் மேளம் மாதிரியே நெஞ்சில் வந்து இடிக்கும். எந்தச் சாமியைக் கூப்பிடுகிற அடியோ, நாம் பாட்டுக்கு ஷூ போட்டு ஆடுகிறோமே என்று, அந்தப் பாட்டு வந்தால் எல்லோரையும் காலில் இருப்பதைக் கழற்றச் சொல்லிவிடுவேன். மீனா தலையில் கை வைத்துக்கொள்வாள்.

அப்போதுதான் அபெனா வந்து சேர்ந்தாள். கானா நாட்டுப் பெண். புருஷன் இங்கே ஒரு கால்பந்துக் குழுவில் ஆடுகிறார். சந்தையில் பேரம் பேசியே பர்மா பாஷையைப் பிடித்துக்கொண்டவள். என் பயத்தைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்து, "டிக் டிக்னு ஒண்ணு கேக்குதா? எங்க ஊர்ல அதை இரும்பு மணியில தட்டுவாங்க. மத்த மேளமெல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கும். இதுல கம்ப்யூட்டர் தட்டுது" என்றாள். பஜனையில் ஜால்ரா மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் இது பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று கேட்டேன்.

"தொப்பி புதுசு, அமே. கால் எங்க முப்பாட்டன் காலு" என்றாள்.

கரண்டு போன அன்று

ஒருநாள் பாட்டுக்கு நடுவில் கரண்டு போய்விட்டது. இந்த ஊரில் அது புதிதில்லை என்றாலும், ஒவ்வொரு தடவையும் நான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று வேர்த்துப் போகும். அபெனா நிற்கவில்லை. தானே ஒரு வரி பாடினாள். பதிலுக்குப் பாட மற்றவர்களுக்கு ஒரு சின்ன வரி சொல்லிக் கொடுத்தாள். அவள் கேட்க, இவர்கள் பதில் சொல்ல, கைதட்டலிலேயே ஆட்டம் நடந்தது. அவள் ஊரில் வயல் வேலையிலும் மாதா கோயிலிலும் இப்படித்தானாம். இப்போதைய பாட்டுக்காரர்களும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்களாம். நானும் என்னை மறந்து பஜனைக் குரலில் பதில் வரி பாடியிருக்கிறேன்!

கீழே வாசலில் இருக்கும் காவல்காரர் ஊ டின் படியேறி வந்து பார்த்துவிட்டு, "கரண்டு எப்ப வரும், அமே? வந்தாலாவது கொஞ்சம் சத்தம் குறையும்" என்றார்.

செல்வியின் மகள்

இனிமேல் சொல்லப் போவதுதான் என்னைச் சோறு தின்ன விடாமல் செய்தது. இன்சீனிலிருந்து செல்வி தன் மகள் தேவியைக் கூட்டி வந்தாள். தேவிக்குக் கல்யாணம், வரவேற்பில் வகுப்புப் பெண்களோடு சேர்ந்து ஒரு பாட்டுக்கு ஆட வேண்டுமாம். தேவியின் அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தவர், போன மழைக்காலத்தில் தவறிப்போனார். திருவிழாவில் மேளம் கேட்டால் முதலில் இறங்கி ஆடுகிற மனிதர். அந்தக் குடும்பம் சிரித்தே நாளாயிற்று.

மீனா பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். ஆட்டம் பழகி, பட்டுச் சட்டையும் தைக்கக் கொடுத்தாயிற்று. அன்றைக்குத்தான் அபெனா பாட்டைக் கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். என்னம்மா என்றேன்.

"இந்த அடிக்குப் பேர் அடோவா, அமே. எங்க அப்பாவைப் புதைச்ச அன்னைக்கு இதுக்குத்தான் ஆடினேன்."

சொல்லவா, விடவா

சாவு அடி! தகப்பனை இழந்த பெண்ணின் கல்யாணத்தில்! முருகா, முருகா என்று நடு ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? அபெனாவிடம் மறுபடி கேட்டேன். சாவுக்கு வந்த அடிதான், ஆனால் அவர்கள் ஊரில் இப்போது கல்யாணத்துக்கும் அதைத்தான் ஆடுகிறார்களாம், பாட்டிலும் போடுகிறார்களாம். அவர்கள் ஊர் அப்படி, சரி. நம் ஊர்? மீனா, "வேற பாட்டு பழக நாள் இல்லம்மா. நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்" என்று கெஞ்சினாள். விளக்கேற்றி உட்கார்ந்தால் மந்திரம் வரவில்லை. அந்த டிக் டிக்தான் வந்தது.

மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. செல்வியைக் கூட்டிவைத்து, அபெனா பக்கத்தில் இருக்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அபெனாதான் மெதுவாகக் கேட்டாள்: "பொண்ணு கல்யாணத்துக்கு அப்பா வராம வேற எங்க போவாரு, அக்கா?"

மண்டபத்தில்

செல்வி பதில் சொல்லாமலே எழுந்து போயிருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று வீட்டில் தேவியின் அப்பாவுக்கு வேட்டி வைத்துப் படையல் போட்டார்களாம். அப்புறம் அவள் மண்டபத்தில் தூண் ஓரமாகக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள், புருஷன் இல்லாதவள் முன்னே வரக்கூடாது என்று. நான் அவளையே பார்த்தேன். தலையை ஒரு தடவை அசைத்தாள். பாட்டை அமுக்கினேன்.

மணி தட்டியது, மேளம் இறங்கியது. பெண்கள் ஆட, தேவி நடுவில் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது செல்வி தூணோரத்தில் இல்லை. மேடைக்குக் கீழே, மகளுக்கு நேர் எதிரே, தன் புருஷன் இறங்குகிற மாதிரியே ஒரு தோளைச் சாய்த்து ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் மூச்சிரைக்க என்னிடம் வந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்கக்கா. அவரு இன்னும் ஆடி முடிக்கல."

பாட்டுப் போடுகிறவளுக்குப் பாட்டு எப்போது முடியும் என்று தெரியும். யார் யார் ஆட வருவார்கள் என்பதுதான் தெரிவதில்லை, அதனால் இப்போதும் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரையும் ஷூவைக் கழற்றத்தான் சொல்கிறேன்.