நாற்பத்தோராவது கேள்வி

நான் எட்டாவது வரை படித்தவள். பெரிய மருத்துவமனை ஒன்றில் துணி அறை என் பொறுப்பு. விரிப்புகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, வார்டு வாரியாக அடுக்கி, வண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பதினாறு வருடத்தில் ஒரு தலையணை உறைகூட இடம் மாறிப் போனதில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுத உட்கார்ந்தது என் தங்கையைப் பற்றி. வீட்டில் அவளுக்குக் கொசு என்று பெயர். சின்ன உருவம், ஆனால் பிடித்ததை விடமாட்டாள். கணினி படித்துவிட்டு அதே மருத்துவமனைக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தாள். நர்ஸுகளுக்கான குறிப்புகள், அறிவிப்புகள் எல்லாம் அதுவரை அலமாரிக் கோப்புகளில் கிடந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, இரண்டு சொல் தட்டினால் வேண்டிய பக்கம் வருகிற மாதிரி ஒரு தேடல் செய்தாள்.

பக்கம் வந்தது. வேண்டியதுதான் வரவில்லை.

"படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாத்துறது எப்படின்னு தேடினா, அறுபது பக்கப் பழைய புத்தகம் முதல்ல வந்து நிக்குது, அக்கா" என்று ஒரு நர்ஸ் விரிப்பை வாங்கிக்கொண்டே புலம்பினாள். "அந்த முறையை நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு. இதைச் செஞ்ச மகராசி யாருன்னு தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிடணும்."

"நானே சொல்லிடறேன்."

"யாருகிட்ட?"

"என் தங்கச்சிகிட்ட."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியான இடைவேளையில் கொசுவிடம் கேட்டேன். கணினி ஒவ்வொரு பக்கத்துக்கும் மதிப்பெண் போடுமாம். தேடிய சொல் அதிக முறை வந்தால் அதிக மதிப்பெண். அந்தப் பழைய புத்தகத்தில் 'புண்' இருநூறு இடத்தில் வருகிறது. புதிய ஒற்றைப் பக்கத்தில் நான்கே இடம். மதிப்பெண் போடும் முறையை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம், எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி என்றாள்.

"இதென்ன பெரிய விஷயம்? துணி அறையில வெளுத்து வந்ததை அடியில வைப்பேன், பழசு முதல்ல போகட்டும்னு. நீ அதைத் தலைகீழாச் செய். புதுசை மேலே வை."

செய்தாள். மறுநாள் யாரோ 'காய்ச்சல்' என்று தேடினார்கள். 'காய்ச்சல் உள்ள ஊழியர்கள் சனிக்கிழமை கயிறு இழுக்கும் போட்டிக்கு வர வேண்டாம்' என்ற முந்தின நாள் அறிவிப்பு முதலில் வந்தது. வார்டே சிரித்தது. தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நானே உட்கார்ந்து தேடிப் பார்ப்பேன். சரிப்படலைன்னா பழையபடி அலமாரிதான். ஒப்பந்தத்தையும் நீட்டிக்கச் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

கொசு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அக்கா, நீ எல்லா வார்டுக்கும் போறே. அவங்க என்னென்ன தேடுறாங்கன்னு கேட்டு எழுதிட்டு வா" என்றாள். மூன்று நாளில் நாற்பது கேள்வி சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் சரி என்று மூத்த நர்ஸுகளையே கேட்டு, கோடு போட்ட தாளில் எதிரே எழுதினேன். அடித்தல் திருத்தல் கிடையாது.

அதை வைத்துக்கொண்டு அவள் மதிப்பெண்ணை மாற்றினாள். தலைப்பில் சொல் இருந்தால் கூடுதல். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஓர் அளவுக்கு மேல் கிடையாது. நிறுத்தப்பட்ட முறை என்றால் பெரிய வெட்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாற்பதையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பாள். ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். வியாழக்கிழமை முப்பத்தேழு தேறியது. மூன்று மட்டும் மசியவில்லை.

"அந்த மூணையும் கையாலேயே மேலே ஒட்டி வெச்சிட முடியாதா?"

"முடியும்."

"அப்புறம் என்னடி? யாருக்குத் தெரியப்போகுது?"

"நாற்பத்தோராவது கேள்விக்கு என்னக்கா பண்ணுவே?"



வெள்ளிக்கிழமை தலைமை நர்ஸின் அறைக்கு வெளியே வண்டியோடு நின்றேன். அந்த வார்டுக்கு அன்றைக்கு விரிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கதவு பாதி திறந்திருந்தது.

கொசு முதல் வேலையாக என் தாளை நீட்டினாள். "மூணு தப்பு வரும், மேடம். சிவப்புல வட்டம் போட்டிருக்கேன்."

அவர் தாளை ஒதுக்கிவிட்டு, 'குழந்தை மயக்க மருந்து தண்ணீர்' என்று தட்டினார். என் நாற்பதில் இல்லாத கேள்வி.

"அறுவைக்கு அப்புறம் குழந்தைக்கு எப்போ தண்ணி குடுக்கலாம்... ம். இதுதான். முதல்லயே வந்திருக்கு."

பிறகு சிவப்பு வட்டத்தில் ஒன்றைத் தேடினார். சரியான பக்கம் மூன்றாவதாக வந்தது.

"இதை மேலே ஒட்டி வெச்சிருக்கலாமே?"

"வெச்சிருக்கலாம், மேடம். அப்புறம் எங்கே தப்புன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

அவர் தாளைத் திரும்ப எடுத்து நிதானமாகப் பார்த்தார். "இந்த மூணும் சரியாகிற வரைக்கும் நீ எங்கேயும் போகக் கூடாது. ஒப்பந்தத்துக்கு நான் எழுதறேன். ஆமா, இது யார் கையெழுத்து? அச்சடிச்ச மாதிரி இருக்கு."

"எங்க அக்கா, மேடம். வெளியே நிக்கிறா. உங்களுக்கு விரிப்பு கொண்டு வந்த மாதிரி."

நான் அவசரமாக வண்டியைத் திருப்பினேன். கொசு ஓடி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகத் துணி அறை வரை தள்ளிக்கொண்டு போனோம். தனியாகத் தள்ளக்கூடிய பாரம்தான்.

"மூணு பாக்கி, அக்கா" என்றாள்.

"இல்லை. அந்தத் தண்ணிக் கேள்வியையும் தாள்ல சேர்க்கணும்" என்றேன்.