ஆர்லிஸின் இரண்டு இரவுகள்

ஆர்லிஸ் ஹெல்கெசன் முப்பத்தொரு வருடமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு இரவுகள் வேறு ஊரில் தூங்கியதில்லை. காரணம் ஐம்பத்திரண்டு மாடுகள். காலை நாலரைக்கு ஒரு கறவை, மாலை நாலரைக்கு ஒரு கறவை. மாடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, கிறிஸ்துமஸும் தெரியாது. விஸ்கான்சினின் மேற்குப் பக்கத்தில், அவர் பண்ணைக்கு எதிரே உள்ள சின்ன வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். சீஸ் ஆலையில் பால் பரிசோதிப்பது என் வேலை. அவர் சமையலறை விளக்கு எரியாத ஒரு விடியலை நான் பார்த்ததில்லை.

போன ஆகஸ்டில் ஒருநாள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். இங்கே யாரும் தட்டுவதில்லை.

"நீ கடல் தாண்டி வந்தவன். சிகாகோவுக்கு எப்படிப் போறதுன்னு சொல்லு."

"விமான நிலையத்துக்கு வெளியே நான் கால் வெச்சதில்லையே. எனக்கே அந்த ஊர்னா பயம்."

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாம். போறது மட்டும் நான் ஒருத்திதான்."

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் தீவனம் சேமிக்கும் சைலோ கோபுரத்தின் உச்சி. இப்போது இருபத்திரண்டாம் மாடியில் ஓர் அறை பதிவு செய்திருந்தார், வெள்ளியும் சனியும். "ஜன்னல் வழியா பாத்தா ஒரு மாடும் கண்ணுல படக் கூடாது" என்றார்.

விதைக் கம்பெனி இலவசமாகத் தந்த காலண்டரின் பின்பக்கத்தில் திட்டம் எழுதி வைத்திருந்தார். 4.30 எழுந்திருப்பது. 5.00 காலை உணவு. 6.00 அருங்காட்சியகம். 10.30 மதியச் சாப்பாடு. 3.30 இரவுச் சாப்பாடு. 8.00 தூக்கம்.

"அருங்காட்சியகம் பத்து மணிக்குத்தான் திறப்பாங்க, ஆர்லிஸ்."

"பத்து மணியா? அதுவரைக்கும் அந்த ஊர்ச் சனம் என்ன பண்ணும்?"

"பாதிப் பேர் தூங்குவாங்க."

நான் கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆறு மணியை அடிக்காமல், அதன் பக்கத்தில் 'ஏரி' என்று எழுதினார். "நாலு மணி நேரம் ஏரியைப் பாப்பேன். ஏரிக்கு யாரும் பூட்டுப் போட மாட்டாங்கல்ல?"

ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தில் காப்பி குடிக்கும் நேரத்தில் சேதி பரவிவிட்டது. ஒரு பெண்மணி கண்ணில் அடிக்கும் மிளகு ஸ்ப்ரேயை நீட்டினார். இன்னொருவர் பணத்தைக் காலுறைக்குள் வைக்கச் சொன்னார். "எதிர்ல வர்றவங்களுக்கெல்லாம் குட் மார்னிங் சொல்லிட்டு நிக்காதே, பைத்தியம்னு நினைப்பாங்க" என்றார் மூன்றாமவர்.

"நினைச்சுக்கட்டும். சொல்றது நிக்காது" என்று ஆர்லிஸ் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார். ஸ்ப்ரேயை வாங்கிக்கொள்ளவில்லை.

உண்மையான தடை வீட்டிலேயே இருந்தது. பண்ணையில் சரிபாதி பங்குள்ள தம்பி டுவெய்ன். வார இறுதிக்கு மாற்றாளாக லூபே கரான்சாவை ஆர்லிஸ் பேசி முடித்திருந்தார். பெரிய பண்ணையொன்றில் எட்டு வருடமாக நானூறு மாடு கறக்கிறவர். டுவெய்னுக்கு அது பிடிக்கவில்லை.

"புதுக் கைக்கு மாடு பால் விடாது."

"வருஷா வருஷம் நவம்பர்ல ஒம்பது நாள் மான் வேட்டைக்குப் போறே. எத்தனை கை வெச்சுக் கறக்கறேன்னு என்னை ஒருநாளாவது கேட்டியாடா?"

"அது வேட்டை."

"இது சிகாகோ."

கிளம்பும் வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, புதன் மாலை, லூபே ஒத்திகைக்காக வந்து தனியாகக் கறந்தார். வியாழன் காலை ஆர்லிஸ் ஒரு மாதிரிப் புட்டியோடு ஆலைக்கே வந்துவிட்டார். மடிநோய்க்கு மருந்து போட்ட மாடு ஒன்றின் பாலும், இரண்டு நாள் கறவை சேரும் தொட்டியில் கலந்துவிட்டதாக டுவெய்ன் சொல்கிறாராம். அப்படிப்பட்ட மாட்டின் பின்காலில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள்; பட்டையைப் பார்த்தால் தனி வாளியில் கறந்து கொட்டிவிடுவார்கள். தொட்டியில் விழுந்தால் தொட்டியே வீண்.

நான்தான் சோதித்தேன். மருந்து இருந்தது. போனில் சொல்லத் தைரியம் வராமல் மதியம் நேரிலேயே போனேன். லூபேயையும் வரவழைத்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே டுவெய்ன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணாம் நம்பர் மாட்டுக்கு நேத்துக் காலைக் கறவை முடிஞ்சதும் மருந்து போட்டேன். உன் ஆள் அதையும் சேத்துக் கறந்துட்டா. முதல் நாளே இந்த லட்சணம். அறையை ரத்து பண்ணிடு."

"நான் ஒவ்வொரு மாட்டோட காலையும் பாத்துத்தான் கறந்தேன்" என்றார் லூபே. "பட்டை இல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்? மாடு வந்து சொல்லுமா?"

ஆர்லிஸ் தொழுவத்துக்கு நடந்தார். பின்னாலேயே போனோம். நாற்பத்தொன்றின் கால்கள் வெறுமையாக இருந்தன.

"பட்டை எங்கே?"

டுவெய்ன் சட்டைப் பையில் கைவிட்டு அப்படியே நின்றார். வெளியே வந்த கையில் சிவப்புப் பட்டை.

"கட்டணும்னு எடுத்தேன். போன் வந்துச்சு. மறந்துட்டேன்."

மறந்ததா, மறந்தாற்போல் இருந்ததா என்று ஆர்லிஸ் கேட்கவில்லை. பட்டையை வாங்கிக் குனிந்து மாட்டின் காலில் கட்டினார். பால் அறைக்குப் போய்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார். இரண்டு நாள் பால் தரையில் பரவி வடிகாலுக்குள் சுழன்று இறங்கியது. யாராலும் வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

அந்த இரைச்சலுக்கு மேலே ஆர்லிஸ் சொன்னார்: "லூபே, நாளைக்குக் காலைல நாலு மணிக்கு வந்துடு."

"இதுக்கப்புறமுமா போறே?" என்றார் டுவெய்ன்.

"தப்பு உன்னோடது. வீட்ல உக்கார வேண்டியது நானா?"

வெள்ளி காலை டுவெய்ன் முதுகு பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். "அப்போ லூபேயை வேலை பாக்க விட்டுட்டுப் படுத்துக்கோ" என்று ஆர்லிஸ் பெட்டியை என் காரில் ஏற்றினார்.

டோமா ரயில் நிலையத்தில் நிற்கும்போது போன் வந்தது. டுவெய்னின் குரல் எனக்கே கேட்டது. "மாடெல்லாம் கதவுகிட்ட வந்து நிக்குது. உன்னைத்தான் தேடுது, ஆர்லிஸ்."

"கதவைத் திறந்து விடுடா. உள்ளே போயிடும்."

போனை அணைத்துப் பெட்டியின் அடியில், மடித்த துணிகளுக்குக் கீழே திணித்தார். எனக்குத்தான் பதறியது. "ஏதாவது அவசரம்னா?"

"அவசரம்னா அங்கே ரெண்டு பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ரயிலில் ஏறினார்.