கையால் தொட்டுப் பார்த்த தரை

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலுக்கு மேல் பூச்சு அடிக்கிற பினிஷிங் செக்‌ஷனில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறவன் நான். அப்படிப்பட்டவனுக்குத் தன் வீட்டு பால்கனித் தரைக்கு என்ன பூசுவது என்று தெரியவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். எனக்கும் கொஞ்ச நாள் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

முதல் தடவை பூசும்போது எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. மாடி கட்டி முடித்தபோது பால்கனியை வெறும் சிமெண்டாக விட்டிருந்தோம். மழைத்தண்ணீர் ஊறி ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்ப் பி.யூ. என்கிற பளபளப்பான பிளாஸ்டிக் கோட்டிங் வாங்கிவந்து நானே அடித்தேன். தோலுக்கு அடிக்கிற மேல் பூச்சும் பி.யூ. தானே, இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்கிற மிதப்பு. மூன்று கோட் அடித்துக் காயவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. தோலாக இருந்தால் வாங்க வருகிற எந்த பையரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போவான். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பால்கனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஐப்பசி மழையில் துணி எடுக்க ஓடிய என் மனைவி அந்த வழுவழுப்பில் சறுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு உடைந்தது. அவள் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருப்பவள். மெஷினில் தோலைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கிற கை அது. மாவுக்கட்டு பிரித்து அவள் மறுபடி மெஷினில் உட்கார நாலு மாதம் ஆயிற்று.

கை கூடிவிட்டது. பால்கனிக்கு மட்டும் அவள் போகவே இல்லை. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் டீ டம்ளரோடு அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் இருந்தவளுக்கு அரை மணி நேரம் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டாள். துணிகளை ஹாலில் நைலான் கயிறு கட்டிக் காயப்போட்டாள். நான் செய்தி பார்க்கவேண்டுமென்றால் டிவிக்கு முன்னால் தொங்கும் என் லுங்கியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கவேண்டும். வீடு முழுக்க ஈர வாடை.

‘உன்னாலதான்’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். தப்பு என்னுடையது என்று நானும் வாய் திறக்கவில்லை. வாய் திறப்பதற்குப் பதிலாக, வெயில் காலம் வந்ததும் லீவு போட்டுத் தரையை மாற்றக் கிளம்பினேன்.

பெயிண்ட் கடை பாயிடம் போய், “பால்கனிக்கு நல்ல பினிஷா ஒண்ணு குடுங்க பாய், வழுக்கக்கூடாது” என்றேன்.

“இன்னா பினிஷ்? பளபளப்பு வேணாம்னா மேட்டு இருக்குது. வெயில் ஜாஸ்தி விழுதா? அப்டின்னா வெள்ளையில கூலிங் பெயிண்ட் வருது. தண்ணி கீழ எறங்குதா? அதுக்கு வாட்டர்புரூஃப் வேற. மேல நடப்பீங்களா?”

“பால்கனில நடக்காமயா பாய்?”

“நெறைய பேரு நடக்கறதில்ல சார்” என்றார் அவர், சாதாரணமாக. எனக்குச் சுருக்கென்றது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது. வீடு கட்டிய மேஸ்திரியைக் கேட்டால், “அந்தப் பூச்செல்லாம் எதுக்கு? சிமெண்ட் போட்டு சூப்பரா பினிஷிங் குடுத்துடறேன்” என்றார். அவர் பினிஷிங் என்று சொன்னது கரணையால் வழித்து வழித்துத் தரையைக் கண்ணாடியாக்குவதை. ராணிப்பேட்டையில் கெமிக்கல் யூனிட்டில் இருக்கும் என் தோஸ்த் போனில், “எபாக்ஸி போட்றா, எங்க ஃப்ளோரெல்லாம் அதான்” என்று அடித்துச் சொன்னான். மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டு, “வேணான்டா, வெயில் பட்டா மஞ்சளாய்டும். எங்க ஃப்ளோருக்கு மேல கூரை இருக்குதுன்றத மறந்துட்டேன்” என்றான். ஆளாளுக்கு பினிஷ் என்ற ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அவரவர் மனதில் இருந்த தரை வேறு வேறு. என் மனதில் தரையே இல்லை, தோல்தான் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பழைய பூச்சைத் தேய்த்து எடுப்பதில் மட்டும் குழப்பமில்லை. தோலைத் தேய்த்து வழவழப்பாக்குகிற பஃபிங் எனக்குப் பழகின வேலை. வாடகைக்கு மெஷின் எடுத்து, தலையெல்லாம் வெள்ளைத் தூசியாக, இரண்டு நாளில் சிமெண்டை வெளியே கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கடைசியில் தொழிற்சாலையில் செய்கிறதையே செய்தேன். எங்களிடம் எந்தச் சரக்கும் முதலில் சின்னத் துண்டாக சாம்பிள் போகும், பையர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மொத்தச் சரக்கும் ஓடும். பாயிடம் சின்னச் சின்ன டின்களாக வாங்கிவந்து, பால்கனிச் சுவரோரமாகச் செய்தித்தாள் அகலத்துக்கு மூன்று சாம்பிள் பூசினேன். ஒன்று மேட் பி.யூ., இன்னொன்று வெள்ளை கூலிங் பெயிண்ட். மூன்றாவது சாம்பல் நிறப் பூச்சு. அது காய்வதற்குள் மேலே தூவச் சொல்லி பாய் ஒரு பொட்டலம் நைஸ் மணல் கொடுத்திருந்தார்.

காய்ந்ததும் மண்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினேன். மேட் அருமையாக இருந்தது, கன்றுத்தோலைத் தொடுவது போல. மணல் போட்டது சொறசொறவென்று, மூன்றாம் தரம் என்று நாங்கள் ஒதுக்கித் தள்ளுகிற சரக்கு. மேட் என்று முடிவு செய்துவிட்டேன்.

கதவுக்கு உள்பக்கம் நின்றபடி என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னாங்க பண்றீங்க?”

“தொட்டுப் பாக்கறேன். மேட்டுதான் சரி. வா, நீயும் தொட்டுப் பாரு.”

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. “போன தடவையும் தொட்டுப் பாத்துத்தான போட்டீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “கையிலயா நடக்கப் போறோம்? தண்ணி ஊத்துங்க. காலு வெச்சுப் பாருங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது வருடமாக இந்தக் கையைத்தான் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். “ஆமா, நான்தான் தப்பா போட்டேன். நான்தான் உன் கைய ஒடச்சேன், போதுமா?” என்று கத்திவிட்டேன். மாதக்கணக்கில் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சண்டை போடுகிற குரலில் சொல்லிவிட்டு, வெட்கத்தோடு நின்றேன்.

“தெரியும்” என்றாள். “தண்ணிய ஊத்துங்க.”

ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு மேட் பூச்சின் மேல் நின்றேன். இரண்டாவது அடியில் கால் போய்விட்டது. சுவரைப் பிடித்ததால் தப்பித்தேன். வெள்ளை கொஞ்சம் பரவாயில்லை. மணல் போட்டது மட்டும் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. வழுக்காததற்கும் பளபளப்புக்கும் சம்பந்தமில்லை என்பது என் காலுக்குப் புரிந்த பிறகும் கைக்குப் புரியவில்லை. அரைமனதோடுதான் பால்கனி முழுக்க அந்தச் சாம்பல் பூச்சை அடித்து, மணலைத் தூவி, ஒட்டாததைப் பெருக்கிவிட்டு, மேலே இன்னொரு கோட் அடித்தேன்.

அதன் பிறகும் ஹாலில் துணி தொங்கியது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றி மெல்ல நடந்து பார்ப்பேன். மணல் போதுமா, கூடிப்போயிற்றா, பெயர்ந்து வருமா, ஒன்றும் பிடிபடவில்லை. அவள் வரவுமில்லை, நானும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே துணிகளை பால்கனியில் கொண்டுபோய்க் காயப்போட்டேன்.

அன்று சாயங்காலம் கோடை மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. நான் கதவுக்கு ஓடினேன். ஓடியவன் அங்கேயே நின்றுவிட்டேன். மேல் கோட்டில் மணல் மூழ்கிப் போயிருந்தால்? தரை ஈரத்தில் மின்னுகிற மாதிரி இருந்தது. அப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவள் என்னை இடித்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போய்த் துணிகளை உருவிக்கொண்டிருந்தாள்.

“பாத்து, பாத்து” என்றேன்.

“இன்னா பாத்து? அந்தப் பக்கம் லுங்கி நனையுது, வந்து எடுங்க” என்றாள், துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டே.

நான் நகரவில்லை. கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்தேன். இரண்டு காலும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். துணிகளை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, மழையில் நின்றபடியே என்னிடம் இடது கையை நீட்டினாள்.

“வாங்க, வழுக்காது.”