படத்தில் வெட்டப்பட்ட பின்வரிசை

தோல் பந்தில் தடவிய விளக்கெண்ணெய், உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடர்... இரண்டின் வாசனையும் சேர்ந்தால் எனக்கு இன்றும் மாலை நாலரை மணி ஆகிவிடும். கிருஷ்ணகிரி மலையின் நிழல் மெல்ல இறங்கி வந்து மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டைத் தொடும் நேரம்.

ஐம்பதுகளின் நடுவில் அங்கே பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் நான் குமாஸ்தா. இருபத்தொரு வயது. டைப் அடிப்பேன், தபால் பார்ப்பேன். சாயங்காலம் சைக்கிள் பம்பால் வாலிபாலுக்குக் காற்றடித்து, அதன் வாயைக் கயிறு கோத்துக் கட்டித் தருவேன். அந்த ஒரு வேலைக்காக மற்ற வேலைகளைப் பொறுத்துக்கொண்டேன்.

நண்பர்களே, போன வாரம் அந்தக் கல்லூரியின் வெள்ளி விழா மலர் தபாலில் வந்தது. வாலிபால் குழுவின் வரலாறு என்று இரண்டு பக்கம் போட்டிருக்கிறார்கள். "ஆறு வீராங்கனைகளுடன் தொடங்கிய குழு" என்று ஆரம்பம். மேலே ஒரு படம்.

பொய். ஒன்பது பேர்.

அப்போது எங்கள் பக்கம் வாலிபாலை ஒன்பது பேர்தான் ஆடுவார்கள். முன்னால் மூன்று, நடுவில் மூன்று, பின்னால் மூன்று. நின்ற இடம் நின்ற இடம்தான்... ஆட்டம் முடியும்வரை யாரும் மாறுவதில்லை. முன்வரிசை அடிக்கும். பின்வரிசை குனிந்து எடுக்கும்.

முன்வரிசையில் பாரூர் கமலவேணி. வலை கட்டும் இரண்டு தேக்குக் கம்பங்களும் அவள் அப்பாவின் தோப்பிலிருந்து வந்தவை. பின்வரிசையில் முனியம்மா. அவள் அப்பா மத்திகிரி மாட்டுப்பண்ணையில் கூலி. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே வயது. ஆனாலும் முனியம்மா கமலவேணியிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். யார் எங்கே நிற்பது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. தானாக அமைந்தது என்பார்கள். அப்படி எதுவும் தானாக அமைந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மாலைகள்... சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்பது பேர் அண்ணாந்து நிற்பார்கள். பந்து மேலே போய், இறங்க மனசில்லாததுபோல் ஒரு கணம் நிற்கும். ஒருத்தி கன்னடத்தில் "நந்து!" என்பாள், ஒருத்தி தெலுங்கில் "நாதி!" என்பாள், முனியம்மா "எனுது!" என்பாள். மூன்று பேரும் மற்றவளுக்கு விட்டுக்கொடுக்க, பந்து நடுவில் தொப்பென்று விழும்.

"மூணு பாஷைல கூப்டா பந்து யாருகிட்டம்மா போவும்?" என்பார் டிரில் டீச்சர் எஸ்தர். சிரிப்பு மலைவரைக்கும் போய்த் திரும்பும்.

ஒருநாள் சேலத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இந்த வருஷ மாவட்டப் போட்டியில் ஆறு பேர்தான். சர்வீஸ் மாறும்போதெல்லாம் ஆளும் இடம் மாறிக்கொண்டே வர வேண்டும். படித்துவிட்டு எஸ்தர் டீச்சர் குழந்தைபோல் கை தட்டினார்.

"பாத்தீங்களா கிளார்க் சார்! இனிமே எல்லாருமே வலைக்கு முன்னாடி வந்துதான் ஆவணும்!"

சாயங்காலம் கல்லூரிச் செயலாளர் வந்தார். "முன்னாடி ரெண்டு வரிசையில நிக்கிறாங்களே, அந்த ஆறு பேரை டைப் அடிய்யா."

"சார், முனியம்மா மாதிரி பந்து எடுக்கிறவ..." என்றார் டீச்சர்.

"வரட்டும்மா. தண்ணி குடுக்க ஆள் வேணுமில்ல?"

நான் டைப் அடித்தேன். ஆறு பெயர்.

செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் டீச்சர் என் பேனாவை வாங்கினார். அடியில் கையாலேயே ஏழாவதாக எழுதினார்: முனியம்மா, ரிசர்வ்.

சேலத்தில் முதல் செட் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் சர்வீஸ் போட்ட பந்தெல்லாம் எங்கள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துப் பழக்கப்பட்ட ஒருத்தியும் உள்ளே இல்லை. இரண்டாவது செட்டில் ஒரு பெண்ணுக்குக் கால் பிசகியது. முனியம்மா தண்ணீர்ப் பானையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்தாள். எங்களுக்குச் சர்வீஸ் வந்தது, இடம் மாறியது, சுற்றி வந்து வலைக்கு முன்னால் நின்றாள். நின்றவள்... தானாகத் திரும்பி, தலை குனிந்து, தன் பழைய பின்வரிசைக்கே நடந்து போய்விட்டாள்.

விசில். இடம் தப்பு. கூட்டம் சிரித்தது.

அடுத்த சுற்றிலும் அவள் கால் பின்னால் போனது. கமலவேணி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ மே, எங்க போற? இங்கயே நில்லு. நான் தூக்கிக் குடுக்கறேன், அடி."

"எனுக்கு அடிக்கத் தெரியாதுங்க..."

"ரெண்டு வருசமா நான் அடிக்கறத முதுகுப்பக்கமா பாத்தவதான நீ? அடி மே!"

பந்து எழும்பியது. முனியம்மாவும் எழும்பினாள். இரண்டும் மேலே நின்ற அந்தக் கணத்தில் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்... பிறகு எதிர்ப்பக்கத்து மண் தெறித்தது.

"கமலா, இன்னொன்னு!" என்று கத்தினாள் முனியம்மா. 'ங்க' இல்லாமல்.

தோற்றுத்தான் திரும்பினோம். அடுத்த வருஷம் எஸ்தர் டீச்சருக்கு வேலை இல்லை. செயலாளரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத நான் அங்கேயே ஏழு வருஷம் இருந்தேன். அந்த ஆளை இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த ஆறு பெயரை அடித்த விரல்களையும்தான். மலரில் அவருக்கு முழுப்பக்கப் படம். டீச்சர் பெயர் எங்கும் இல்லை.

இப்போது ஒசூரில் என் வாடகை வீட்டுக்கு எதிரே ஒரு ஃபேக்டரி மைதானம். ஷிஃப்ட் முடித்த பெண்கள் வாலிபால் ஆடுகிறார்கள். யார் யார் வீட்டுப் பெண்களோ தெரியாது. விசில் ஊதினால் பேசிக்கொண்டே இடம் மாறுகிறார்கள். பின்னால் இருந்தவள் வலைக்கு வருகிறாள். யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

படம் எடுத்த அன்று ஆறு பேர் நின்றார்கள், பின்வரிசை மூன்று பேரும் அவர்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள், நடுவில் முனியம்மா. மலரில் இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். சரியாக வெட்டத் தெரியவில்லை... அடி ஓரத்தில், நடுவில், கனகாம்பரம் வைத்த ஓர் உச்சந்தலை தெரிகிறது. அதற்கு மேலே, கமலவேணியின் கை அந்தத் தலையை நோக்கி இறங்கியிருக்கிறது.