காந்தத்தில் ஒட்டாத மூன்று மூட்டை

கயிற்றில் கட்டிய அந்த வளையக் காந்தம் இப்போதும் எங்கள் கொட்டகைத் தூணில் தொங்குகிறது. ஏதோ பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. அதில் எப்போதும் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று அதை என் கையில் கொடுத்தவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். வந்த அன்றே அண்ணே என்று கூப்பிட்டாள், அதனால் எனக்குத் தங்கச்சி. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் குப்பையைத் தரம் பிரிக்கும் அந்தக் கொட்டகைக்கு அவள்தான் பொறுப்பு. நான் அதுவரை துணிக்கடையில் புடவை விரித்துப் போட்டவன். கடை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தேன். பிளஸ் டூவில் பிசிக்ஸ் படித்தவன் என்ற திமிர் மட்டும் கையிருப்பாக இருந்தது.

சித்திரை வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே பத்து நிமிடம் நின்றால் சட்டையைப் பிழியலாம். தங்கச்சிக்கு அது ஆறாம் மாதம். ஒருமுறை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சூட்டில் நின்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் திரும்பக் கிடைக்குமா என்பது அவள் கவலை. குப்பையில் விலை போகிற பொருளை விற்றுக் கொட்டகைக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு. "ஒரே ஒரு ஃபேனுண்ணே. அது மட்டும் வந்துட்டா போதும், நான் பாட்டுக்கு வேலை பாத்துருவேன்" என்பாள். அதற்காக எதையோ சேர்த்து வைக்கிறாள் என்று தெரியும். எதை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பிசிக்ஸ் படித்தவனுக்கு என்ன மரியாதை?

நான் சேர்ந்த ஐந்தாம் நாள் அவள் செக்கப்புக்குப் போனாள். "காந்தத்துல ஒட்டுறதெல்லாம் டின்னு. தனியா வச்சிருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டாள். அவள் வருவதற்குள் இடத்தைக் கண்ணாடியாக வைத்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு வேகம். எண்ணெய் டின், பால்பவுடர் டின், பிஸ்கட் டப்பா எல்லாம் டப்பு டப்பென்று ஒட்டின. மூலையில் மூன்று மூட்டை கிடந்தது. பிரித்தால் முழுக்க நசுக்கிய கூல்டிரிங்க்ஸ் கேன். காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. மூன்று மூட்டையிலும் ஒன்றுகூட ஒட்டவில்லை. இது உலோகமே இல்லை, வெறும் பளபளப்பு என்று தீர்ப்பு எழுதி, அரியமங்கலம் குப்பைக் கிடங்குக்குக் கிளம்பிய லாரியில் நானே தூக்கிப் போட்டேன்.

அவள் திரும்பி வந்ததும் முதலில் பார்த்தது அந்த மூலையைத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அண்ணே, அது அலுமினியம்ணே. காந்தத்துல ஒட்டாது. அதான் நம்ம ஃபேனு" என்றாள். என் பன்னிரண்டு வருடப் படிப்பும் அந்த இடத்திலேயே மண்ணைக் கவ்வியது. அவள் டிரைவருக்கு போன் போட, நான் டி.வி.எஸ் வண்டியை முறுக்கினேன். மாம்பழச் சாலையில் லாரியைக் காணோம். காவிரிப் பாலத்தில் ஏறியதும் நாலு பஸ்ஸுக்கு முன்னால் அதன் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. ஹாரனை அமுக்கியபடி, பார்க்கிறவர்களிடமெல்லாம் வசவு வாங்கிக்கொண்டு, அண்ணா சிலை சிக்னலில் பிடித்துவிட்டேன்! டிரைவர் அப்போதுதான் போனை எடுத்தார். லாரியை ஓரங்கட்டச் சொல்லி, குப்பை மேல் ஏறி, முழங்கை வரை தோண்டினேன். நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர், "என்ன சார், தங்கமா?" என்று கேட்டார்.

"ஃபேன்!" என்று கத்தினேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை.

மூன்று மூட்டையோடு நான் வந்து இறங்கியபோது அவள் கைதட்டிய தட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு கேனை எடுத்து மண்ணைத் துடைத்தாள். "இது சாவாதுண்ணே! உருக்குனா மறுபடியும் தகடு, மறுபடியும் கேனு. எத்தனை தடவை உருக்குனாலும் அப்படியே இருக்கும். புதுசா பூமியைத் தோண்ட வேணாம், கரன்ட்டும் கொஞ்சந்தான் செலவாவும். கெடங்குல போட்டா சும்மா கெடக்கும்" என்று மூச்சு விடாமல் சொன்னாள். மறுபிறவியே வேண்டாம் என்று ஜனங்கள் பெருமாளிடம் மன்றாடுகிற ஊரில், ஒருத்தி மறுபிறவிக்காக இப்படிக் குதித்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த வாரமே ஃபேன் வந்தது. மாட்டுவதற்கு முன் இறக்கைகளைத் தரையில் வைத்திருந்தோம். அவள் தூணிலிருந்து காந்தத்தை எடுத்து ஓர் இறக்கை மேல் வைத்து, கயிற்றை லேசாக இழுத்தாள். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. "பாத்தீங்களாண்ணே, இதையும் லாரியில ஏத்திருவீங்களா?" என்று கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் காற்றில் ஒன்பதாம் மாதம் வரை வேலை பார்த்தாள். பெண் குழந்தை பிறந்தது. வேலையும் போகவில்லை. பிறகு புருஷனுக்குத் துறையூரில் வேலை அமைந்தது. இப்போது அங்கே ஒரு கொட்டகை அவள் பொறுப்பில் இருக்கிறது.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் முடிந்து இன்று காலை வண்டி வண்டியாகக் குப்பை வந்து இறங்கியது. காந்தத்தைக் கையில் எடுத்தேன். ஒரு மூட்டை, இரண்டு மூட்டை, ஐந்து மூட்டை. ஒன்றுகூட ஒட்டவில்லை! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, துறையூருக்கு போன் போட்டேன்.

"தங்கச்சி, அஞ்சு மூட்டை ஒட்டலைம்மா!"

"ஐயோ, சூப்பர்ணே! நம்ம ஃபேன் ஓடுதா?"

போனை ஃபேனுக்குக் கீழே தூக்கிப் பிடித்தேன்.