லாபம் காட்டிய கொம்பனியும் என் வீட்டு அத்திவாரமும்

எங்கள் ஊரில் வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில், நாவிதன்வெளியில் இருந்த வயலை விற்று, வாப்பா எனக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து உம்மாவின் தம்பி கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். அங்கே ஏதோ கந்தோரில் கிளாக்கர். சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் சாய்ந்து பொருளாதாரம் கதைக்கிற ஆள்.

"வட்டி ஹராம் மச்சான், பேங்கில போடேலா. பங்கு ஹலால், கூட்டு யாவாரம். ஹோட்டல் கொம்பனி ஒண்டு இரிக்கி. ஒரு வருஷம் பொறுங்க, மகளுக்கு மாடி வீடே கட்டலாம்."

வாப்பா அத்திவாரத்தை நிறுத்தி, வயல் விற்ற காசை அந்தப் பங்கில் போட்டுப் பொறுத்தார். அடுத்த வருடம் கொம்பனி நல்ல லாபம் அறிவித்தது. மாமா மஸ்கட் கொண்டுவந்து தெருவுக்கே பங்கிட்டார். அந்த இனிப்பு கரையுமுன் நாட்டில் கலவரம் மூண்டது. ஹோட்டலில் தங்க வந்த வெள்ளைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஹோட்டல் பங்கு மட்டுமல்ல, சவர்க்காரம் செய்கிறவன், எண்ணெய் ஆட்டுகிறவன் எல்லோருடைய பங்கும் சேர்ந்தே விழுந்தது. மாமா அசையவில்லை.

"லாபம் காட்டின கொம்பனி மச்சான். வெல ஏறாம எங்க போற?"

போன வருடத்து லாபத்தைக் காட்டி வருகிற வருடத்துக்குச் சத்தியம் பண்ணுகிற மூளை! குளம் உடைந்தால் களை பிடுங்கிய வயலும் பிடுங்காத வயலும் ஒன்றாகத்தான் மூழ்கும் என்பது வாப்பாவுக்குத் தெரியாததா? ஆனால் சப்பாத்துப் போட்டவன் சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் போதும்.

என்னைப் பெண் பேச வந்தவர்கள் மழைத்தண்ணீர் நிறைந்த அத்திவாரக் குழியைப் பார்த்தார்கள். வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாப்பா கிடைத்த விலைக்குப் பங்குகளை விற்றார். அதில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் எழும்பின.

பிறகு தேயிலை விலை ஏறியது, கொழும்பில் எல்லாப் பங்கும் எழும்பியது. அந்த ஹோட்டல் நட்டம் அறிவித்திருந்தும் அதன் பங்கும் கூடவே ஏறியது. மாமா மறுபடி மஸ்கட்டோடு வந்தார்.

"அவசரப்பட்டுட்டீங்க மச்சான். நான் சொன்னது சரிதானே?"

உம்மாதான் கேட்டா. "லாபம் வந்த நேரம் விழுந்திச்சி, நட்டம் வந்த நேரம் ஏறுது. இதில நீ சொன்னது எது தம்பி? நீ எத்தின பங்கு வாங்கின?"

அவர் சப்பாத்துக் கயிற்றை இறுக்கக் குனிந்தார். "எங்க ராத்தா... கையில இருந்தது மகள்ற வீட்டுக்கே சரியாப் போச்சி."

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவன், எங்கள் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனவர்களின் மகன்தான்.